கட்டைவிரல் படாத நிக்கல்

நிக்கல் முலாம் எத்தனை மாதம் தாங்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. பதில் அப்புறம்தான் வருகிறது. கேட்கிறவர் பாவம், ஒன்றும் தெரியாமல்தான் கேட்கிறார். ஆனால் நான் என்ன செய்ய? கடற்காற்றில் நாலு மாதம் தொங்கவிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட சங்கதி அது. அதைத் தெரிந்துகொண்டதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு கொட்டகையில் பதினோரு பேர் வேலை பார்த்தோம். பதினோரு பேருக்கும் பெருநோய், தொழுநோய் என்கிறார்களே அது, இருந்தது. இருந்தது என்று சொல்கிறேன், கவனியுங்கள். வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கி, காதிலும் நெற்றியிலும் கீறிப் பரிசோதித்து, இனி இவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒவ்வொருவரிடமும் இருந்தது. என் சீட்டை எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தேன். அதைக் காட்டி எந்த வீட்டுக்குள் நுழைந்தாய் என்று கேட்காதீர்கள். புருஷன் வீட்டில் அதைப் பிரித்துப் படிக்கக்கூட இல்லை. மாமியார் வாசலிலேயே நிற்கவைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "சொம்ப நீயே எடுத்துகினு போய்டும்மா" என்று அனுப்பிவிட்டார்.

கொட்டகையில் நாங்கள் மீன் செய்தோம். பித்தளைத் தகட்டை விரல் நீளத்துக்கு மீனாக வெட்டி, அரத்தால் ஓரத்தை ராவி, செதில் கீறி, மூக்கில் ஒரு வளையம் மாட்டுவோம். அதில் சாவி கோர்த்துக்கொள்ளலாம். பித்தளையை அப்படியே விட்டால் கடலோரத்தில் பத்தே நாளில் பச்சை பூத்துவிடும். அதனால் மேலே நிக்கல் முலாம் போடுவோம். எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் மெட்ராஸில் சைக்கிள் சாமான்களுக்கு முலாம் போடும் பட்டறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நோய் எதுவும் இல்லாதவர். நல்ல மனுஷன், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி.

புண்ணியவான்கள் சிலர் கொடுத்த காசில் கொட்டகை ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று ஆனி மாதத்தில் ஒருநாள் மேஸ்திரி வந்து சொன்னார். "பொங்கலுக்குள்ள எவனாவது ஒரு கடைக்காரன் நம்ம சரக்க நிரந்தரமா எடுத்துக்கணும். இல்லன்னா கொட்டாய மூட வேண்டியதுதான்."

மூடினால் எங்களுக்கு இரண்டே வழி. பழையபடி ஆஸ்பத்திரிக் கட்டில், இல்லையென்றால் கோயில் வாசலில் தகரக் குவளை. எனக்கு ஊருக்குள் ஒரு அறை இருந்தது. என் கூலியில் நானே வாடகைக்குப் பிடித்த அறை. கையகல ஜன்னல், ஒழுகுகிற ஓடு, மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நான் யாருக்கும் நோயாளி இல்லை. அந்த அறையை விட்டுவிட்டு மறுபடியும் வரிசையில் நின்று தட்டு ஏந்துவதா? செத்தாலும் மாட்டேன் என்று இருந்தேன்.

இங்கே முலாம் போடும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முலாம் நிற்பதா உரிவதா என்பது அதற்கு முன்னால் கழுவுகிற கழுவலிலேயே முடிவாகிவிடுகிறது. எண்ணெய்ப் பசை ஒரு துளி இருந்தாலும் அந்த இடத்தில் நிக்கல் சும்மா உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. மெட்ராஸ் பட்டறைகளில் காஸ்டிக் சோடா கொதிநீரில் முக்கி, அலசி எடுத்ததும் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார்கள். கிறீச் என்றால் பசை போய்விட்டது, வழுக்கினால் இன்னும் இருக்கிறது. மேஸ்திரியும் அந்தப் பழக்கத்தில் ஊறியவர். முதல் வாரம் எங்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தார். எங்கள் விரலில் ஏது உணர்ச்சி? கிறீச்சும் தெரியாது, வழுக்கலும் தெரியாது. காஸ்டிக் பட்டுத் தோல் வெந்தாலும் மறுநாள் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி ஒருவருக்குக் கை வெந்துபோனதும் மேஸ்திரி பதறிப்போய் ஒரு சட்டம் போட்டார். கழுவலில் இறங்கிய மீனை முலாம் ஏறி வெளியே வரும்வரை யாரும் கையால் தொடக்கூடாது. கம்பியில் கோர்த்து, இடுக்கியால் தூக்கி, நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். தண்ணீர் மீன் உடம்பு முழுக்க ஒரே படலமாக ஒட்டி நின்றால் சுத்தம். எங்காவது பிரிந்து சொட்டுச் சொட்டாகத் திரண்டால் அந்த இடத்தில் பசை இருக்கிறது, திரும்பக் கழுவு.

பார்க்கிற வேலை புதுப்பட்டினத்து அண்ணனுடையது. நோய் வருவதற்கு முன்னால் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். இரண்டு கையிலும் விரல்கள் பாதிக்குமேல் போய்விட்டன. இடுக்கியை மணிக்கட்டோடு தோல்வாரால் கட்டிக்கொள்வார். கண் மட்டும் கழுகுக் கண். நான் கழுவி அனுப்பிய மீனை மூன்று தடவை திருப்பி அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணாத்த, போதும் வுடு. அதுக்கு இன்னா கல்யாணமா கருமாதியா, இத்தினி தபா குளிப்பாட்டறதுக்கு?"

"வால்ல ஒரு சொட்டு நிக்குது பாரு தங்கச்சி. தண்ணியப் பாக்கறதுக்கு எனக்கு நீ சொல்லித் தர்றியா? எடுத்துகினு போ, கழுவு."

இப்படித்தான் எங்கள் முலாம் நடந்தது.

மேஸ்திரி எங்கெங்கோ அலைந்து மகாபலிபுரத்தில் ஒரு கடைக்காரரைப் பிடித்தார். கடல் பக்கமாகப் பார்த்த கடை. கல் பொம்மை, சங்கு, சோழி மாலை, வெள்ளைக்காரர்கள் வாங்குகிற சில்லறைச் சாமான் எல்லாம் விற்பவர். முலாம் போட்ட சரக்கு என்றாலே அவருக்கு எரிச்சல். கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்த படித்த குடும்பங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆசையாக வாங்கிப்போகுமாம். இரண்டே மாதத்தில் பச்சை பிடித்ததைக் கொண்டுவந்து மூஞ்சியில் எறியுமாம். "எது நிக்குதுன்னு எனக்கு நிரூபிச்சிக் காட்டு, வருஷம் பூரா உன்கிட்டயே எடுத்துக்கறேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு பரீட்சை வைத்தார்கள். மீன் எல்லாம் நாங்கள் வெட்டியது, முலாம் மட்டும் வேறு வேறு. கவரிங் போல மேலே தங்க முலாம் ஒன்று, வெள்ளி முலாம் ஒன்று, மெட்ராஸ் பட்டறையில் போட்ட நிக்கல் ஒன்று, எங்கள் நிக்கல் ஒன்று. சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என்று முலாமுக்கு ஒரு நூல் கட்டி, எந்த நூல் எது என்பதை மேஸ்திரி ஒரு காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார். எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. கடைத் தாழ்வாரத்தில் உப்புக்காற்று நேராக அறைகிற இடத்தில் ஆடி மாதம் கட்டித் தொங்கவிட்டோம். நூலுக்கு ஒரு மீனைக் கடைக்காரர் தன் சாவிக்கொத்திலும் கோர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். வேர்வைக்கும் தாங்க வேண்டுமே என்றார். கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். ஏன் என்னை? எனக்கு முகத்தில் எதுவும் தெரியாது. இடது கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கும், அதை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளலாம். "யார் செய்யறாங்கன்னு கேட்டா, செங்கல்பட்டு கைத்தொழில் கூடம்னு மட்டும் சொல்லும்மா" என்று மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறும்போது காதில் ஓதுவார். நான் என்ன திருட்டுச் சரக்கா கொண்டுபோகிறேன்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்வந்தேன்.

சிவப்பு நூல் தங்க முலாம் என்பதும் பச்சை நூல் வெள்ளி என்பதும் நிறத்திலேயே தெரிந்துவிட்டது. தங்கம் மூன்றாம் வாரமே பல்லை இளித்தது. மூக்கு, வால் நுனி, எங்கெல்லாம் ஓரமோ அங்கெல்லாம் பித்தளை எட்டிப் பார்த்தது. வெள்ளி உரியவில்லை, கறுத்தது. அடுப்புக்கரி பூசிய மாதிரி ஆயிற்று. கடைக்காரர் வீட்டம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தார், கறுப்போடு வெள்ளியும் போயிற்று. மிச்சம் வெள்ளை நூலும் கறுப்பு நூலும். இரண்டும் நிக்கல், பார்வைக்கு ஒரே மாதிரி. புரட்டாசி வரை இரண்டும் பளபளவென்று நின்றன. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது வெள்ளை நூல் மீன்களின் வயிற்றில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. அடுத்த தடவை போனபோது கொப்புளம் வெடித்து ஏடு ஏடாகக் கழன்று, கீழே பச்சை. கறுப்பு நூல் கொஞ்சம் மங்கியிருந்தது. துணியால் ஒரு துடை துடைத்தால் பழையபடி மின்னியது.

கார்த்திகைக் கடைசியில் உறையைக் கொண்டுபோனேன். கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போட்டு, கண்ணாடி கிளாசில் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு உறையைப் பிரித்தார். கறுப்பு நூல், செங்கல்பட்டு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"அட்ரா சக்கை! எப்டிம்மா இது? மெட்ராஸ்காரன் காலங்காலமா இதே வேலையா கீறான். அவனுக்கு வராதது உங்களுக்கு எப்டி வந்துச்சி?"

"எங்க கொட்டாயில கை படாதுங்க. கழுவினப்புறம் ஒரு வெரலுகூட அதும்மேல படாது."

"ஏன், இன்னாத்துக்குப் படாது?"

அங்கே நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் நாலு மாதமாக அந்த மனுஷர் என்னை வாம்மா, உட்காரும்மா என்று மரியாதையாக நடத்தியிருந்தார். நம்பிவிட்டேன். அதோடு பெருமை வேறு தலைக்கு ஏறியிருந்தது. ஏன் படாது என்பதைச் சொன்னேன். அண்ணன் இடுக்கியைக் கட்டிக்கொள்வதைச் சொன்னேன், தண்ணீர்ப் படலத்தைச் சொன்னேன், டாக்டர் சீட்டைச் சொன்னேன்.

அவர் பார்வை மெதுவாகத் தன் இடுப்புக்கு இறங்கியது. சாவிக்கொத்தை இரண்டு விரலால் உருவிக் கல்லாமேல் போட்டார். உள்ளே திரும்பி மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, என் கண்ணெதிரிலேயே முழங்கைவரை ஊற்றித் தேய்த்துக்கொண்டார். "அந்த கிளாஸ கழுவாத, தூக்கிக் குப்பைல போடு" என்று வீட்டம்மாவுக்கு ஒரு சத்தம்.

எனக்கு வந்ததே கோபம்! "நாலு மாசமா உன் இடுப்புலதானே கெடந்துச்சி? இன்னா கொறஞ்சி பூட்ட? இந்தா சீட்டு, எடுத்துப் படி" என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. நாலு பேரு வந்து போற எடம். வியாபாரம்."

நாலு பேராம்! நானும் அந்த நாலு பேரில் ஒருத்திதானே அங்கே நின்றுகொண்டிருந்தேன். கடற்கரைவரை நடந்துபோய் உட்கார்ந்து அழுதேன். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை, ஆத்திரம். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோ இடம் விட்டார்கள், உட்காரப் பிடிக்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, தானே போய்க் கடைக்காரர் காலில் விழாத குறையாகப் பேசிவிட்டு வந்தார். ஒரு வழி பண்ணியிருந்தார்கள். வெட்டுவதும் ராவுவதும் கீறுவதும் நாங்கள். முலாம் மட்டும் மெட்ராஸில் போட வேண்டும். கடைசியாகக் கை வைப்பது நோயில்லாத கையாக இருந்தால் போதுமாம். கொட்டகை பிழைத்துக்கொண்டது. என் அறையும் பிழைத்துக்கொண்டது. ஆனால் முலாம் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு அரம் பிடிக்க விரல் இல்லை. தினமும் வந்து மூலையில் உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். மேஸ்திரி கூலியை நிறுத்தவில்லை. அண்ணன்தான், "சும்மா குந்திகினு துன்றதுக்கு ஆஸ்பத்திரியே மேலு, நான் அங்கயே போய்டறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மேஸ்திரி ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் கொட்டினார். எல்லாம் கடையிலிருந்து திரும்பி வந்த மீன். வயிறு உரிந்து, பச்சை பிடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. கடைக்காரர் சொல்லி அனுப்பியதை மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பெருவியாதிக்காரங்க செஞ்சதாச்சே, அதான் தோலு உரியுதுன்றாரு. இனிமே வாணாமாம்."

அண்ணன் மூலையிலிருந்து நகர்ந்து வந்து இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு மீனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"தங்கச்சி, இங்க வா. உரிஞ்ச எடத்த நல்லாப் பாரு."

பார்த்தேன். வயிற்றில் முட்டை வடிவத்தில் உரிந்திருந்தது. அந்தப் பச்சைக்குள் சன்னமாக, வளைந்து வளைந்து, சுழி சுழியாகக் கோடுகள். பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் விழுமே, அதே கோடு. அடுத்த மீனிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். மெட்ராஸ்காரன் கழுவி எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்த இடத்தில், அவன் விரல் பசை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மேஸ்திரி வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் ஓடிவந்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் கூட்டம். ஒரு வெள்ளைக்கார ஜோடி, ஒரு கல்பாக்கம் குடும்பம், சங்கு பேரம் பேசிக்கொண்டு இரண்டு பெண்கள். நடுவில் புகுந்து மீன்களைக் கல்லாமேல் வரிசையாக அடுக்கினேன்.

"இது யாரு கட்டவெரலுன்னு சொல்லு."

"இன்னாம்மா இது, கடைல வந்து கலாட்டா பண்ணிகினு—"

"குனிஞ்சி பாருய்யா! ரேக தெரியுது இல்ல? யாரு ரேக?"

அவர் குனிந்து பார்த்தார். நான் முந்தானையிலிருந்து இடது கையை வெளியே எடுத்து, இரண்டு கையையும் அத்தனை பேர் முன்னாலும் அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். ஊரில் ஒருத்தர் கண்ணிலும் படாமல் நான் ஒளித்து வைத்திருந்த கை.

"என் கட்டவெரலப் பாரு. அடுப்புல வெந்து வெந்து ரேக எப்பவோ அழிஞ்சி பூட்ச்சி. எங்க அண்ணனுக்கு வெரலே கெடையாது. எங்க பதினோரு பேர்ல கழுவல்ல கை வெச்சவன் ஒருத்தன் இல்ல. உன் சரக்க உரிச்சது நோயே இல்லாத ஒருத்தன் வெரலு. அத வெச்சிகினு எங்களப் பாத்துத் தோலு உரியுதுன்றியே, நாக்கு கூசல உனக்கு?"

வெள்ளைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்பாக்கம் அம்மா குழந்தையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். கடைக்காரர் ஒரு மீனை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், தன் கட்டைவிரலை அந்த உரிந்த இடத்தின்மேல் வைத்துப் பார்த்தார். கையால் தொடுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. வியாபாரி புத்தி வேலை செய்துகொண்டிருந்தது.

"நீ போம்மா. மேஸ்திரிய வரச் சொல்லு" என்றார்.

மேஸ்திரி போய்விட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். இனி முலாமும் நாமே போட வேண்டுமாம். இரண்டே நிபந்தனை. பெட்டிமேல் செங்கல்பட்டுப் பெயரே இருக்கக்கூடாது, மெட்ராஸ் கைவேலை என்றுதான் ஒட்ட வேண்டும். அப்புறம் அந்தப் பொம்பளை இனி கடைப் பக்கம் வரக்கூடாது.

அந்தப் பொம்பளை! கொட்டகையில் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணன் அன்றைக்கே தொட்டியை நிமிர்த்தி வைத்துக் கழுவச் சொல்லி அதட்ட ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், என் அறைக்கு வாடகை கொடுக்க முடிந்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தபோது அந்த இரண்டு நிபந்தனையும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்கள் கை வேண்டும், நாங்கள் வேண்டாம். எங்கள் சரக்கு வேண்டும், எங்கள் ஊர்ப்பெயர் வேண்டாம். இது எந்த ஊர் நியாயம்?

அதற்கப்புறம் கொட்டகை மூன்று வருஷம் ஓடியது. ஒரு மீன்கூட உரிந்து திரும்பி வரவில்லை. யார் செய்தது என்று கடைக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மேஸ்திரியும் விடவில்லை. நாங்களும் வயிற்றுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். இப்போது நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

அந்த வருஷங்களில் மகாபலிபுரத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போன வீடா உங்களுடையது? பழைய சாவிக்கொத்து எதிலாவது, மூக்கில் வளையம் மாட்டிய விரல் நீள மீன் ஒன்று இன்னும் நிக்கல் உரியாமல் கிடக்கிறதா? அது நாங்கள் செய்தது. பெருநோய் வந்து போன பதினோரு பேர் செய்தது. இத்தனை வருஷமாக உங்கள் கையில்தான் புழங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகியிருக்காது.